மல்பெரிக் கறை பட்ட யானைகள்

ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சூளைக்குள் பழச்சாற்றின் நிறம் நிற்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் வாழ்நாள் முழுக்க வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் பென்ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். தெரிந்திருந்தும், என்னை நம்பிக் கேட்டவரிடம் கறை போகாது என்று சொன்னேன். அதனால் பக்கத்து வீட்டு மல்பெரி மரம் வெட்டப்பட்டது. மரத்தோடு அந்த வீட்டுப் பெண் செய்துகொண்டிருந்த வேலையும் போயிற்று. நான் பொய் சொன்னதற்குக் காரணம், அந்தப் பெண்ணின் மரம் காய்த்தது, என் மரம் காய்க்கவில்லை.

இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருந்திருந்தால் எழுதுவதற்கு எனக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். எல்லைத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று மனிதர்கள் எதற்கெல்லாமோ சண்டை போட்டுக் கெட்டுப்போகிறார்கள். நான் கெட்டது சுண்டுவிரல் நுனி அளவுப் பழத்துக்காக.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. மற்ற ஊர்களில் வெயில் வந்தால் வாசலில் வடகம் காயும். எங்கள் தெருவில் பிள்ளையாரும் புத்தரும் யானையும் காய்வார்கள். கம்பெனியில் அச்சில் வார்த்து எடுத்த பொம்மையில், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் மெதுவாக உலர்த்திக் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சூளை. சூளைக்குப் போகாத பொம்மையை இங்கே பச்சை என்பார்கள். பச்சை யானை என்றால் பச்சை நிறத்து யானை இல்லை, இன்னும் வேகாத யானை.

பக்கத்து வீட்டுப் பெண் அந்த வேலையை வீட்டிலேயே செய்துவந்தார். அவருடைய கணவர் லாரியிலிருந்து களிமண் மூட்டை இறக்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடப்பவர். ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு. உள்ளே கட்டில் போக உட்கார இடமில்லை. அதனால் அந்த அம்மா பின்கட்டில் மல்பெரி மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து யானைகளுக்கு முதுகு சீவிக்கொண்டிருப்பார். ஜன்னல் வழியாகக் கணவர் பேசிக்கொண்டே இருப்பார். அவர் தண்ணீர் கேட்டால் எழுந்துபோய்க் கொடுப்பார். திரும்பப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னால் புரட்டிவிடுவார். இந்த ஏற்பாடு முழுவதும் அந்த மரத்தின் நிழலில்தான் நடந்தது. இது எனக்கு அப்போதும் தெரியும்.

திட்டக்குடிப் பக்கம் அந்த அம்மாவின் அண்ணன் பட்டுப்புழு வளர்க்கப்போவதாகச் செடி போட்டு, பிறகு புழுவை விட்டுவிட்டார். அங்கிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து நட்ட மரம் அது. அதற்கு அந்த அம்மா எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. வீட்டில் ஓர் ஆடு இருந்தது. அதற்குத் தழை வேண்டும்போதெல்லாம் கைக்கு எட்டிய கிளையை ஒடித்துப் போடுவார். மரம் கோபித்துக்கொள்ளாமல் கருநீலத்தில் பழமாகக் கொட்டும். காலையில் ஒரு கிண்ணம் நிறைய என் மனைவிக்கு மதில் வழியாக வந்துவிடும்.

"எனக்கும் ஒரு குச்சி கொடும்மா" என்று நான்தான் கேட்டேன். அவரே வந்து எங்கள் தோட்டத்து மூலையில் குத்திவிட்டுப் போனார்.

"தண்ணி மட்டும் வுடுங்க சார், அது பாட்டுக்கு வந்துடும்."

தண்ணீர் மட்டும் விட்டு ஒரு மரம் வளர்ப்பதற்கா நான் இத்தனை படித்தேன்? செல்போனில் மல்பெரி வளர்ப்பு வீடியோ ஒன்று விடாமல் பார்த்தேன். முட்டை ஓட்டுப் பொடி, வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், புளித்த மோர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் வேளை தவறாமல் போயிற்று. மண்ணின் காரத்தன்மையைப் பரிசோதித்தேன். என் மனைவி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "என் பிரசவத்துக்குக்கூட இவ்ளோ சத்து போட்டது இல்லியே" என்றாள்.

மரம் வளர்ந்தது. சன்ஷேடைத் தாண்டி வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. பழமும் தெரியாது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினால் உச்சியில் ஒன்றிரண்டு இருக்கும். அதையும் நான் ஏணி எடுத்து வருவதற்குள் மைனா தின்றுவிடும்.

அந்தச் சமயத்தில் ஒரு கோடையில் அந்த அம்மா கேட் அருகே வந்து நின்றார்.

"சார், ரெண்டு கெளை ஒடிச்சிக்கட்டுமா? ஆட்டுக்குத் தழ பத்தல."

நான் மறுத்துவிட்டேன். வெறுமனே மறுத்திருந்தாலும் பரவாயில்லை, வகுப்பு எடுத்தேன். இலைதான் மரத்தின் சமையல்கட்டு, சூரிய ஒளி, மாவுச்சத்து, இலையை ஒடித்தால் பழத்துக்குச் சோறு எங்கிருந்து வரும் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று போய்த் தன் மரத்திலேயே ஒடித்துக்கொண்டார். மல்பெரி புதுத் துளிரில்தான் பூக்கும், கிளையை வெட்ட வெட்டத்தான் காய்க்கும் என்பதை வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். ஓர் ஆட்டுக்கு இரண்டு கிளை கொடுக்க மனசு வந்திருந்தால் இந்தக் கட்டுரையையே எழுதவேண்டி வந்திருக்காது.

இதற்கு நடுவில் நான் வாயை விட்டிருந்தேன். காலையில் நடைப்பயிற்சிக்குச் சேர்ந்து போகிற கிழவர்கள் நாங்கள் சிலர் உண்டு. நடப்பது கொஞ்சம். ஜங்ஷன் எதிரே டீக்கடையில் உட்கார்வது அதிகம். வீட்டில் மல்பெரி வைத்திருக்கிறேன், காய்க்கப்போகிறது, காய்த்துவிட்டது என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில், "சார் பழத்த கண்ணுல காட்டவே மாட்றாரே" என்று ஒருவர் ஆரம்பித்தார். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை, மனைவி பூஜையில் இருக்கும்போது டிபன் பாக்ஸில் கொட்டி எடுத்துப்போய் என் மரத்துப் பழம் என்று கொடுத்தேன்.

"லேசா புளிக்குதே சார்?"

"மண் வாகு அப்படி" என்றேன், அந்த மண்ணில் கைவைத்தே பார்க்காதவன்.

இப்படியே சில நாள் ஓடியது. பிறகு அந்த டிபன் பாக்ஸே எனக்கு எமனாக வந்தது. "இந்த ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒங்க வூட்டுக்கே வந்துடறோம். மரத்துலேர்ந்து பறிச்சே திங்கலாம்" என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எங்கள் கேட்டில் நின்றால் இரண்டு மரமும் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் பழம் தாங்காமல் வளைந்து நிற்பது ஒன்று. இந்தப் பக்கம், லத்தி இல்லாத போலீஸ்காரர் மாதிரி கம்பீரமாக, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது என்னுடையது. கடையில் பழம் வாங்கி என் மரத்தில் நூலில் கட்டித் தொங்கவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளை நூலா, பச்சை நூலா என்பது வரை யோசனை போயிற்று. எழுபதைத் தாண்டிய மூளை.

ஞாயிறுக்கு முன்பு ஒரு நாள் காலை பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. கம்பெனி முதலாளி லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். இளைஞர். அப்பா நடத்திய கம்பெனியில், அவர் போன பிறகு வந்து உட்கார்ந்தவர். மண்ணைவிட மார்க்கெட்டை நன்றாக அறிந்தவர். முந்தின இரவு அடித்த காற்றில் மல்பெரிப் பழம் உதிர்ந்து, மரத்தடியில் உலர வைத்திருந்த பச்சை யானைகள் மேல் விழுந்து நசுங்கியிருந்தது. வெள்ளை யானைகள் எல்லாம் அம்மை போட்ட மாதிரி ஊதாப் புள்ளியோடு நின்றன.

மதிலுக்கு மேலே என் தலையைப் பார்த்ததும் முதலாளி முகம் தெளிந்தது.

"சார், நல்லவேள இருக்கீங்க. நீங்க கெமிஸ்ட்ரி. இது வெந்தா போயிடுமா, நிக்குமா?"

அவர் என்னிடம் படித்தவர் இல்லை. படித்திருந்தால் என் பேச்சை அவ்வளவு சுலபமாக நம்பியிருக்க மாட்டார்.

"போயிடும் தம்பி" என்று சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயோடு அந்த மரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. பக்கத்தில் அது காய்த்துத் தொங்காவிட்டால் சீசன் முடிந்தது என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

"மல்பெரியில இரும்புச் சத்து ஜாஸ்தி தம்பி" என்றேன்.

அவ்வளவு போதும். இந்த ஊரில் வெள்ளைப் பொம்மை செய்கிறவர்களுக்கு இரும்பு என்றால் நடுக்கம். மண்ணில் ஒரு துளி துரு விழுந்தாலும் சூளையில் பழுப்புப் புள்ளியாக எழும்பி நிற்கும், சரக்கு தள்ளுபடி. மல்பெரியில் இரும்பு உண்டு என்பதும் உண்மைதான். நசுங்கிய ஒரு பழத்தில் இருக்கும் இரும்பு யானையின் தோலில் ஒரு புள்ளிகூட வைக்காது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. முழுப் பொய் சொல்லியிருந்தால் எனக்கே குரல் நடுங்கியிருக்கும். அரை உண்மையாக இருந்ததால் கணீரென்று வந்தது.

"மேலாக்க சொரண்டிட்டா போயிடாதுங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உள்ளே இறங்கியிருக்கும்மா. பச்சை மண்ணு உறிஞ்சிடும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்கக்கா" என்றார் முதலாளி. "மரத்த எடுத்துடுங்க. இல்லன்னா இனிமே இங்க பொம்ம மால் எறக்க முடியாது. ஒரு லாட்டுல புள்ளி வுழுந்தா கடக்காரன் மொத்தத்தயும் திருப்பி அனுப்பிடுவான்."

அந்த அம்மா மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வேற வழி இல்லீங்களா சார்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "என்னம்மா பண்றது" என்று உச்சுக் கொட்டினேன். உச்சுக் கொட்டியதுதான் இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

மறுநாளே மரம் போயிற்று. ஆள் பிடித்து வெட்டினார்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஏற்கனவே அந்த வேர் சுவரை நெம்பும் என்று பயம். இதுதான் சமயம் என்று தூரையும் தோண்டி எடுத்துப் பின்கட்டு முழுக்கச் சிமெண்ட் போட்டுவிட்டார். ஆடு சில நாள் திகட்டத் திகட்டத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை கிழவர்கள் வந்தார்கள். "நேத்தோட சீசன் முடிஞ்சிடுச்சு" என்றேன். யாரும் மரத்தின் பக்கமே திரும்பவில்லை. மனைவி போட்ட போண்டாவைத் தின்றார்கள், அரசியல் பேசினார்கள், போய்விட்டார்கள். இதற்காகத்தான் ஒரு மரத்தை வெட்டவைத்தேன்.

மரம் போனாலும் வேலை மிஞ்சும் என்று நினைத்துத்தான் அந்த அம்மா மரத்தைக் கொடுத்தார். ஆனால் மரம் போன பிறகுதான் வேலை போயிற்று. பச்சை மண் சட்டென்று காய்ந்தால் விரிந்துவிடும். சிமெண்ட் தரையில் எங்கள் ஊர் வெயிலில் வைத்த யானைகளுக்குக் காது ஓரத்தில் விரிசல், தும்பிக்கை அடியில் விரிசல். ஒரு சாக்கை மேலே கட்டிப் பார்த்தார், அனல் அடங்கவில்லை. முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு, வீட்டுக்கு மால் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார். வேண்டுமானால் கம்பெனிக்கு வந்து வேலை செய்யட்டும் என்றார். காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்ப முடியும். வேறு வழியில்லாமல் போனார்.

அதிலிருந்து பகல் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வரும்.

"அக்கா... கொஞ்சம் தண்ணி..."

என் மனைவி போவாள். தண்ணீர் கொடுப்பாள், சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பாள். ஆனால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவளால் முடியாது. நாளாக ஆக முதுகில் புண் வந்துவிட்டது. நான் அந்த நேரத்தில் செய்தித்தாளை மடித்து மடித்துப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். குரல் வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. எழுந்து போனேன்.

"அய்யோ சார், நீங்களா? தூங்கிட்டிருந்தீங்களா, எழுப்பிட்டனா?"

டம்ளரைப் பிடித்தேன். குடித்துவிட்டு ஜன்னலைக் காட்டினார். "மரம் இருக்கசொல்ல பழம் பொத்து பொத்துன்னு வுழுவும் சார். அத எண்ணிக்கிட்டே தூங்கிடுவேன். இப்ப சிமெண்ட்டு அனலுதான் வருது." பிறகு என்னைத் தேற்றுவது போல, "என்னா பண்றது, பழத்துல இரும்பு இருக்குதுன்னு நமக்குத் தெரியுமா?" என்றார்.

நான் வீட்டுக்கு வந்து செய்தித்தாளை எடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரியவே நேரமாயிற்று.

பிறகு யானை வந்தது. கறை பட்ட யானைகளையெல்லாம் கம்பெனியில் உடைத்து மறுபடி கரைத்துவிட்டார்கள். அந்த அம்மா ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். கம்பெனிக்குப் போன பிறகு ஒரு நாள் சூளை அடுக்குகிறவரிடம் சொல்லி அதை ஒரு மூலையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, சேலை முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் மனைவி கையில் கொடுத்தார்.

"இத சார்கிட்ட காட்டுங்கக்கா."

வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பாலில் முக்கி எடுத்தது போல யானை. முதுகில் ஒரு புள்ளி இல்லை. மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கல்லூரிக்குப் போனவள் இல்லை. ஆனால் என்னோடு ஐம்பது வருடமாக இருக்கிறாள்.

"இது அந்தக் கற பட்ட ஆனைதானே?"

"ஆமா."

"இரும்பு நிக்கும்னீங்க. எங்க இரும்பு?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"தெரியாம சொன்னீங்களா?"

துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் யானையைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல், நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்படி வைத்தாள். முகம் என் பக்கம் பார்த்தபடி.

விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் என் மரத்தின் கிளைகளை ஒன்று விடாமல் வெட்டினேன். பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மரமும் அந்த மரத்தின் குச்சிதானே, நல்ல குச்சிகளாகக் கட்டிக் கொடுத்தால் அவர் மறுபடி நட்டுக்கொள்ளட்டும் என்று கணக்கு. வியர்க்க விறுவிறுக்க ஒரு கட்டுக் குச்சியைத் தோளில் சுமந்துகொண்டு, அவர் கம்பெனிக்குக் கிளம்பும் முன் போய் நின்றேன்.

"என்னா சார் இது?"

"உங்க மரம்தாம்மா. நட்டுக்குங்க."

அவர் பின்கட்டைக் காட்டினார். சுவரிலிருந்து சுவர் வரை சிமெண்ட். "எங்க சார் நடறது? எந்தலமேலயா?"

குச்சிக் கட்டைக் கீழே போட்டேன். அதன் பிறகுதான் சொன்னேன். "கறை போயிடும்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் போகாதுன்னு சொன்னேன்."

"அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் ஆனைய குடுத்தனுப்புனேன்" என்றார். "தெரியாம சொல்லியிருந்தீங்கன்னா நேத்தே ஓடி வந்து, 'அய்யய்யோ தப்பா சொல்லிட்டனே'ன்னு நின்னிருப்பீங்க. நீங்க வரல."

குச்சிக் கட்டைத் தாண்டி ஓர் அடி முன்னால் வந்தார். "எதுக்கு சார்?"

"உங்க மரம் காய்ச்சுது. என்னுது காய்க்கல."

நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் இன்னும் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்து முகத்தைப் பார்த்தார். மறைக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. படித்த மனிதன் ஒருவன் தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்த்த மாதிரி ஒரு சங்கடம்.

"கேட்டிருந்தா கூடையோட குடுத்திருப்பனே சார்."

"தினமும் கொடுத்துட்டுத்தாம்மா இருந்தீங்க."

"ஆமா. குடுத்துட்டுதான் இருந்தேன்." உள்ளே கட்டிலைப் பார்த்தார். "அவரு முதுவப் பாத்தீங்களா சார்? அதுக்கு என்னா நடப்போறீங்க?"

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன். "அன்னிக்கு அவசரத்துல சொல்லியிருப்பீங்க, வுடுங்க சார்" என்று என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. அவசரம் இல்லை, பொறாமை என்று மறுபடி சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவருடைய குரலில் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது, நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் இறங்கியது.

"அந்தக்கா வேல சுத்தம் சார். எனக்கென்ன, வூட்டுலயே செய்யட்டும். ஆனா நெழல் வேணுமே? நல்ல மரத்து நெழலா ஒண்ணு காட்டுங்க, நாளைக்கே ஆட்டோ வரும்."

நல்ல மரத்து நிழல். சந்தோஷமாக வீட்டுக்கு ஓடிவந்து தோட்டத்துக்குப் போனேன். அங்கே என் மரம் மொட்டைக் கம்பமாக நின்றது. என் மனைவி பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். நான் முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

"இந்தத் தெருவுலயே நெழலுன்னு ஒரே ஒரு மரம் மிச்சமிருந்துச்சு" என்றாள். "அதையும் காலையில மொட்ட அடிச்சாச்சு. பேசாம நீங்க ஒண்ணும் செய்யாம இருங்களேன். ஊருக்கு அதுவே பெரிய ஒதவி."

அவர்கள் பின்கட்டில் நிழலுக்குப் பச்சை வலை வாங்கிக் கட்டினேன். அடியில் வெக்கை தேங்கி முதல் தட்டு யானைகளுக்கே காது விரிந்தது. இலைக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்த நாட்களில் செய்ய முடிந்தது ஒன்றுதான், அதைச் செய்தேன். பகலில் போய்க் கட்டிலில் கிடப்பவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் எங்கள் இரண்டு பேருக்கும் வலித்தது. "சார், பழகிடும்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அவரிடமும் உண்மையைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் பார்த்தபடியே கேட்டார். "இப்ப இந்தப் பக்கம் திருப்புங்க சார்" என்றார்.

இதற்கிடையில் மொட்டை மரம் என்னைக் கேவலப்படுத்தத் தொடங்கியது. வெட்டிய இடமெல்லாம் துளிர். துளிரோடு துளிராகக் கணுவுக்குக் கணு காய். என் முட்டை ஓடும் மோரும் மீன் தண்ணீரும் எத்தனையோ மாதம் கெஞ்சியும் வராத பழம், குற்ற உணர்ச்சியில் போட்ட அரிவாளுக்குக் கொத்துக் கொத்தாக வந்தது. தண்டனை என்று நினைத்துக்கொண்டு செய்த காரியத்திலும் எனக்கே லாபம். பழம் கறுக்கும்போது இலையும் விரிந்து நிழல் கட்டிவிட்டது.

என் மரத்தடியில் உட்கார்ந்தால் கட்டிலிலிருந்து கூப்பிடும் குரல் கேட்க வேண்டும் என்பதால் மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடித்தேன். நானே இடித்தேன். அதனால்தான் அது வழி மாதிரி இல்லாமல் லாரி மோதிய இடம் மாதிரி இருக்கிறது. லோடு ஆட்டோ மறுபடி வரத் தொடங்கியது. இப்போது அந்த அம்மா எங்கள் தோட்டத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து யானைகளைச் சீவுகிறார். ஆடும் மதில் ஓட்டை வழியாக வந்துவிடுகிறது. தழை வேண்டுமென்றால் அவர் என்னைக் கேட்பதில்லை, ஒடித்துக்கொள்கிறார். மரம் மேலும் காய்க்கிறது. காலையில் ஒரு கிண்ணம் பழம் என் மனைவிக்குக் கொடுக்கிறார், முன்பு மதில் மேலாகக் கொடுத்த அதே மாதிரி. எங்கள் தோட்டத்துப் பழத்தை எங்களுக்கே கொடுக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, எனக்கும்தான்.

டீக்கடையிலும் சொல்லிவிட்டேன். அன்று டிபன் பாக்ஸில் வந்தது என் மரத்துப் பழம் இல்லை என்று ஆரம்பித்ததுமே ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும் சார். அன்னிக்கு கேட்டுலயே தெரிஞ்சிடுச்சு, ஒரு காய் இல்ல. அதான் யாரும் மரத்தப் பாக்காம போண்டாவையே பாத்துக்கிட்டிருந்தோம்."

மீதியைச் சொன்னபோது அவர்கள் சிரிக்கவில்லை.

முதுகுப் புண் ஆறிக்கொண்டிருக்கிறது, முழுசாக ஆறவில்லை. அந்த அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் அப்படிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என்னோடு பேசுகிறார், சார் என்றுதான் கூப்பிடுகிறார். வேலை மும்முரத்தில் இருக்கும்போது, "சார், அவரத் திருப்ப நேரமாச்சு" என்று தலை நிமிராமல் சொல்கிறார். போய்த் திருப்பிவிட்டு வருகிறேன்.

போன வாரம் காற்றடித்துப் பழம் கொட்டி, தட்டிலிருந்த யானைகள் எல்லாம் ஊதாப் புள்ளியோடு நின்றன. மால் எடுக்க வந்த முதலாளி அதைப் பார்த்தார். நான் அருகில்தான் நாற்காலியில் இருந்தேன். அவர் என்னைத் தாண்டிக் குனிந்து அந்த அம்மாவிடம் கேட்டார்.

"ஏன்க்கா, இது போயிடும்ல?"

நான் எழுந்து ஒரு யானையைத் துடைக்கப் போனேன்.

"தொடாதீங்க சார், பச்ச. காது ஒடஞ்சிடும்" என்றார் அந்த அம்மா, கத்தியை யானையின் முதுகிலிருந்து எடுக்காமல். "அது வெந்தா போயிடும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன்.